சோதனை வாசலில் என் மச்சான்

திருச்சி விமான நிலையத்தில் என்னிடமிருந்து முதலில் போனது பூண்டு ஊறுகாய். பிறகு பெல்ட். அதற்கும் பிறகு மரியாதை. பெல்ட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஊறுகாய் என் மனைவி கமலா, இலங்கையில் இருக்கும் தன் அண்ணனுக்காகப் பார்த்துப் பார்த்துப் போட்டது. பெட்டிக்குள் வைத்தால் எண்ணெய் கசிந்து துணியெல்லாம் நாறிவிடும் என்று கைப்பையில் வைத்துக்கொண்டது என்னுடைய அதிபுத்திசாலித்தனம். சோதனை மேஜையில் நின்ற இளைஞர் பாட்டிலை எடுத்து ஒரு பக்கம் சாய்த்தார். எண்ணெய் மெதுவாக ஓடியது. "லிக்விட்" என்றார். "சார், இது பூண்டு" என்றேன். மறுபக்கம் சாய்த்தார். எண்ணெய் அந்தப் பக்கமும் ஓடி என்னைக் காட்டிக்கொடுத்தது. வேண்டுமானால் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று இந்தி கலந்த தமிழில் சொன்னார். அது கேலியா கருணையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பாட்டில் ஊறுகாயை நின்றபடி தின்றுவிட்டு விமானம் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் என்ன பாவம் செய்தார்? பாட்டில் தொட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. கமலாவின் முகம் கண்ணில் வந்து போனது.

நான் பாலக்கரையில் ஆண்களுக்குத் துணி தைக்கிறவன். ஆளைத் தொட்டு அளவெடுப்பது என் பிழைப்பு. தோளில் டேப்பை வைத்ததும் ஒருவர் எப்படி விறைத்துக்கொள்வார், இடுப்பளவு எடுக்கும்போது எப்படி மூச்சை உள்ளே இழுத்து என்னை ஏமாற்றப் பார்ப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அந்தச் சோதனை வளையத்துக்குள் ஜனங்கள் நுழைகிற விதம் வேறு. எனக்கு முன்னால் நின்ற கோட்டுக்காரர் போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். சாக்ஸ் ஓட்டை வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்த்தது. "அப்புறம் பேசறேம்மா" என்று குரலை இறக்கிவிட்டார். ஒரு தப்பும் செய்யாதவன்கூட அங்கே திருட்டு முழி முழிக்கிறான். நானும் முழித்தேன். கருவியை வைத்து இடுப்பைத் தடவியபோது, உண்மையிலேயே எதையாவது திருடிக்கொண்டு வந்துவிட்டோமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் வாணிக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்குக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டியவர் தாய்மாமன். அந்தத் தாய்மாமன் மருதமுத்து இருப்பது இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கமலாவும் அங்கே பிறந்தவள்தான். அவள் சிறுமியாக இருந்தபோது, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களோடு அவளுடைய அப்பா அம்மாவும் கப்பலேறி வந்துவிட்டார்கள். அப்போதே கல்யாணமாகியிருந்த அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. முதலில் கடிதம், பிறகு போன், இப்போது வீடியோவில் முகம்.

அப்பா இறந்தபோது மருதமுத்து வரவில்லை. அம்மா இறந்தபோதும் வரவில்லை. ஒரு தடவை லீவு கிடைக்கவில்லை, ஒரு தடவை பாஸ்போர்ட் இல்லை. இப்போது கொழும்பில் கடையில் வேலை பார்க்கும் மகன் பிடிவாதமாக அவரைக் கண்டிக்கு அழைத்துப் போய் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்துவிட்டான். லீவும் இருக்கிறது. ஆனாலும் "பாப்பம், பாப்பம்" என்றே இழுத்துக்கொண்டிருந்தார்.

கமலா என்னைக் கிளப்பிவிட்டாள். "கையோட கூட்டிட்டு வாங்க. அப்பா சாவுக்கு வரல, அம்மா சாவுக்கு வரல. வாணி கல்யாணத்துக்கும் வரலேன்னா எனக்கு அண்ணன்னு ஒருத்தர் இல்லவே இல்ல. இத அப்படியே சொல்லுங்க" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கொழும்பிலிருந்து மலைக்கு ரயில். ரயில்வே இலாகா அந்தப் பாதையைப் போட்டது ஊர் போய்ச் சேர்வதற்கு அல்ல, வாயைப் பிளப்பதற்கு என்று தோன்றியது. கதவுக்குக் கதவு வெள்ளைக்காரப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டார்கள். இறால் வைத்த வடையைக் காகிதத்தில் சுருட்டி விற்றார்கள். நம் ஊர் வடையில் ஓட்டை இருக்கும் இடத்தில் அங்கே இறால் இருக்கிறது. அந்த வடையில் நான்கையும் மலையில் பத்து வளைவையும் ரசித்து முடித்துவிட்டு எதிரே இருந்த சிங்களப் பெரியவரிடம் "ஹட்டன்?" என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே, ரயில் வந்த திசையைக் காட்டினார். பக்கத்திலிருந்த மனைவியிடம் ஏதோ சொன்னார். "வடை சாப்பிட்டுக்கொண்டே ஊரை விட்டுவிட்டார்" என்றாராம். மொழிபெயர்த்துச் சொன்ன கல்லூரிப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இறங்கியது நானுஓயாவில். அரைக்கைச் சட்டைக்குள் குளிர் நேராகப் புகுந்தது. ஸ்டேஷன் வாசலில் ஒரு முஸ்லிம் பெரியவரின் தேநீர்க் கடை. திருச்சிப் பழக்கத்தில் "பாய், ஒரு டீ" என்றேன். "இங்க எங்கள 'நானா'ன்னு கூப்பிடுவாங்க" என்று சிரித்துவிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் தேங்காய் ரொட்டியும் கட்டசம்பல் என்கிற காரத் துவையலும் கொண்டுவந்து வைத்தார். ஊரெல்லாம் தேயிலை, டீயில் மட்டும் பால் இல்லை. ஆனால் அந்த ஒரு கிளாஸ் உள்ளே போனதும் உயிர் திரும்பியது. அந்த நானாவே என்னைத் தலவாக்கலை வழியாக ஹட்டன் போகும் பஸ்ஸில் ஏற்றி, "இவர ஹட்டன்ல எறக்கி விடுங்க, எறங்க மறந்துருவாரு" என்று கண்டக்டரிடம் ஒப்படைத்தார். அந்த பஸ்ஸில் பாட்டுச் சத்தத்துக்கு மலையே வளைந்திருக்கிறதோ என்று நினைத்தேன்.

நான் போனில் சொல்லியிருந்தபடி ஹட்டன் பஸ் நிலையத்தில் மச்சான் காத்திருந்தார். நெடுநெடுவென்று உயரம், காக்கிக் கோட்டு, கழுத்தில் மப்ளர். கன்னத்து எலும்பில் கமலா தெரிந்தாள்.

"வாங்க மாப்ள! ஊரையே சுத்திப் பாத்துட்டு வந்துட்டீங்க போல?" என்றார்.

"உங்க ரயிலு நிக்கவே இல்ல மச்சான்."

"நின்னிருக்கும். நீங்க வடைக்கு நின்னிருப்பீங்க."

முதல் பார்வையிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கட்டிக்கொள்ளலாம் என்று ஓர் எட்டு முன்னால் வைத்தேன். அவர் அரை எட்டு பின்னால் போய்க் கைகூப்பினார். சிரிப்பு மாறவில்லை, ஆனால் தோள் விறைத்துவிட்டது. அந்த விறைப்பை நான் தொழிலில் தினம் பார்க்கிறவன். மனதில் குறித்துக்கொண்டேன்.

வீடு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் கடைசி. மச்சானின் மனைவி ராசம்மாக்கா ரொட்டியும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறினார். சாப்பிடும்போதுதான் ஊறுகாய் போன கதையைச் சொன்னேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அக்கா சிரித்தார். மச்சான் கையிலெடுத்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"பூண்டயா புடுங்கிட்டாங்க?"

"ஆமா மச்சான். பெல்ட்டக் கழட்டி, ஷூவக் கழட்டி, மேலயெல்லாம் தடவி…"

"ஊறுகாயவே நம்பாதவன் ஆள நம்புவானா?" என்றார். அதோடு அன்றைக்கு அவருடைய சாப்பாடு முடிந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று நொந்துகொண்டேன்.

கல்யாணத்துக்காக அவருக்கு ஒரு பேன்ட்டும் சட்டையும் தைத்துக் கொண்டுபோயிருந்தேன். போட்டோவைப் பார்த்துக் குத்துமதிப்பாக வெட்டியது. போட்டுக் காட்டினார். சட்டை சரியாக இருந்தது. பேன்ட்டுக்குள் இன்னொரு மச்சானை வைக்கலாம். டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். "வேணாம் மாப்ள, பெல்ட்டு போட்டுக்கிறேன்" என்று நழுவிவிட்டார். எத்தனை சொல்லியும் அளவெடுக்க விடவில்லை. தையற்காரனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு, கமலா சொல்லி அனுப்பியதை ராசம்மாக்காவிடம் அப்படியே சொன்னேன். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். குழலைக் கீழே வைத்தார்.

"அவருக்குத் தங்கச்சின்னா உசுரு தம்பி. தங்கச்சி மக கல்யாணத்துக்கு வரக் கசக்குமா? தடவிப் பாப்பாங்கன்னுதான் பயம்" என்றார்.

"அதுக்கா? சின்னப் புள்ளைககூடப் போகுதே அக்கா."

"எங்களுக்குக் கல்யாணமான புதுசுல கொழும்புல ஒரு கடையில நின்னாரு. சண்டக் காலம். ரோட்டுல பஸ்ஸ நிப்பாட்டித் தமிழ் ஆளுகள எறக்கி, கையத் தூக்கச் சொல்லித் தடவுவாங்க. தெனம் நடக்குறதுதான். ஒரு நாளு இவர எறக்கிட்டு பஸ்ஸ அனுப்பிட்டாங்க. அடிக்கல, ஏசல. பாத்து முடிச்சிட்டு, 'போ'ன்னு சொல்ல மறந்துட்டாங்க. இவரு தூக்குன கையோட அப்படியே வெயில்ல நின்னுருக்காரு. நம்ம தோட்டத்து ஆளுக வேற பஸ்ஸுல போகையில பாத்துட்டாங்க. ஊருக்கு வந்தவரு, பாஸ்போட்டுக்குக் கண்டிக்குப் போனதத் தவிர மலையவிட்டு எறங்குனதே இல்ல. மாமா செத்தப்பவும் லீவு கெடைக்கலன்னாரு. கெடைச்சிச்சு தம்பி. எனக்குத் தெரியும்."

கமலாவுக்கு இது தெரியாது. அண்ணனுக்கு மனசில்லை என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மச்சானுக்கு வேலை தேயிலைத் தொழிற்சாலையில். அங்கே அதை ஸ்டோரு என்கிறார்கள். என்ன வேலை என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். வாசலில் வாச்சர். வேலை முடிந்து வெளியே வரும் ஆண்கள் தேயிலைத் தூளை மடியில் கட்டிக்கொண்டு போகிறார்களா என்று தடவிப் பார்க்கிறவர். தன்மேல் ஒரு விரல் படக் கூடாது என்கிற மனுஷர், ஊராரையெல்லாம் தினம் தடவிக்கொண்டிருக்கிறார்!

சாயங்காலம் பார்க்கப் போனேன். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அனுமதித்ததால் உள்ளே போய், கொழுந்து வாடுவதிலிருந்து தூளாகி விழுவது வரை வேடிக்கை பார்த்தேன். அந்த வாசனையை ஒரு பையில் பிடித்துவர முடிந்தால் நானே திருடியிருப்பேன். சங்கு ஊதியது. எல்லாரோடும் சேர்ந்து நானும் வாசலுக்கு வந்தேன்.

மச்சான் வேலை செய்யும் அழகைச் சொல்ல வேண்டும். ஆள் பக்கத்தில் வந்ததும் பேச்சுக் கொடுப்பார். "மகளுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?" "மாடு கன்னு போட்ருச்சாமே, காளையா?" அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள், விரல் நுனி மட்டும் பட்டும் படாமலும் தோளிலிருந்து மடி வரை போய்வந்துவிடும். கண் மட்டும் எதிரே மலையைப் பார்க்கும். தையற்காரனாகச் சொல்கிறேன், பழகிய கை.

என் முறை வந்தது. "கையத் தூக்குங்க மாப்ள."

"மச்சான், நான் உங்க வீட்டு மாப்ள."

"உள்ள போயிட்டு வந்தா தொரையா இருந்தாலும் தூக்கணும். ஆமா, கமலா இன்னமும் மொச்சக்கொட்டையப் பொறுக்கி ஓரமா வைக்கிறாளா?"

"வைக்கிறா மச்சான், அத நாந்தான் சாப்…" என்பதற்குள் சோதனை முடிந்துவிட்டது.

அதன் பிறகுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. சோதனை முடிந்த ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். மச்சான் படியிலிருந்து இறங்கி அவர்கள் எதிரே வந்தார். கோட்டுப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். பேன்ட் பைகளை இழுத்துக் காட்டினார். தொப்பியைக் கழற்றி உதறினார்.

"தொப்பிக்கு உள்ள என்னா வாச்சரய்யா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"முடியில்லாத மண்டடா. வேணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். "சரி, போயிட்டு வாங்க" என்றார். கூட்டம் கலைந்தது. தினமும் இப்படித்தானாம். யாரும் சொல்லிக் கொடுத்த வழக்கமில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று அவராக ஆரம்பித்தது. இப்போது அவர் மறந்தாலும் ஆட்கள் விடமாட்டார்களாம்.

லயத்துக்கு நடந்து திரும்பும்போது பேச்சைத் தொடங்கினேன். "மச்சான், இப்ப நீங்க என்னையத் தடவினீங்க. நான் ஒண்ணும் கொறஞ்சு போயிரலையே?"

"நான் காட்டுனேன்ல மாப்ள. பாக்குறவன் தன்னையும் காட்டிட்டா அது வேல. நம்மள மட்டும் பாத்துட்டு அவன் பாட்டுக்கு நின்னான்னா…" முடிக்கவில்லை. கொஞ்ச தூரம் போய், "ஏர்போட்டுல எவன் காட்டுவான்?" என்றார்.

"நாளைக்குக் கண்டிப்பாத் தைச்சு வச்சிருவேன்" என்று வாழ்க்கை முழுக்கச் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. யோசிப்பதற்கு முன்பே திறந்துவிட்டது. "காட்டுவாங்க மச்சான்."

அவர் நின்றுவிட்டார். "மெய்யாவா?"

"இப்பல்லாம் அப்படித்தான். கேட்டாக் காட்டுவாங்க."

என்னையே பார்த்தார். நான் தேயிலைச் செடியைப் பார்த்தேன். "அப்ப சரி. வாறேன்" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் அசையாத மனுஷர் ஒரு புளுகில் அசைந்துவிட்டார். ராசம்மாக்கா சேதியைக் கேட்டதும் சாமி படத்துக்குப் போய் விளக்கேற்றினார். மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று அவர் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டார். கமலாவுக்குப் போன் செய்தபோது அவள் அழுதாள். நான் அவசரமாகப் போனை மச்சான் கையில் திணித்தேன்.

தங்கைக்காக மச்சான் தேயிலைத் தூள் எடுத்துக்கொண்டார். ஸ்டோரு வாச்சர் கொண்டுபோகும் தூள் என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதாம். நோர்வூட் கடையில் வாங்கி, பில்லைப் பாக்கெட்டின் மேலேயே குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்.

கொழும்பு பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் சீட்டு. முதலில் குழந்தை மாதிரி வந்தார். மீன் பணிஸ் என்கிற மீன் வைத்த பன் வாங்கிக் கொடுத்தார், ஓடுகிற ஆற்றைக் காட்டினார். மலை இறங்கி வெயில் ஏற ஏற மப்ளரைக் கழற்றினார், பேச்சும் குறைந்தது. கொழும்பு நெருங்கும்போது ஓரிடத்தில் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். சாலையோரம் ஒரு பெண் குடை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"இங்கனதான் நின்னேன்" என்றார். "இப்ப அன்னாசி விக்கிறாங்க" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

விமான நிலையத்தில் வரிசை நீளம். எங்களுக்கு முன்னால் ரயிலில் பார்த்த மாதிரியான வெள்ளைக்காரப் பிள்ளைகள், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், தூங்கும் குழந்தையோடு ஒரு குடும்பம். எல்லாரும் செருப்பைக் கையில் பிடித்தபடி, கோவிலுக்குள் போவது மாதிரி அடக்கமாக நின்றார்கள். மச்சான் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தங்கையின் பேரைச் சொல்கிறாரோ சாமி பேரைச் சொல்கிறாரோ, தெரியவில்லை.

பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். அப்போதுதான் என் தையலின் லட்சணம் எனக்கு உறைத்தது. பெல்ட் போனதும், நான் தைத்த கல்யாணப் பேன்ட்டும் கூடவே கிளம்பியது. மச்சான் ஒரு கையால் எட்டிப் பிடித்துக்கொண்டார். வளையத்துக்குள் நுழைந்தார். எதுவோ கீச்சென்றது. அந்தப் பக்கம் நின்ற அதிகாரி, மீசை இப்போதுதான் கறுத்திருக்கும் இளைஞர், சிங்களத்தில் கையைத் தூக்கச் சொன்னார். அங்கே பேசிய சிங்களமெல்லாம் ஜாடையில் பாதியும் பிறகு மச்சான் சொல்லிப் பாதியுமாக எனக்குப் புரிந்தது. மச்சான் ஒரு கையைத் தூக்கினார்.

"இரண்டு கையும், ஐயா."

"முடியாது தம்பி. தூக்கினால் இரண்டு பேருக்கும் மானக்கேடு" என்று மச்சான் சிங்களத்திலேயே சொன்னார். பக்கத்து வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்னைத் திரும்பிப் பார்த்து, "மாப்ள, தச்சவரு நீங்கதான? வந்து புடிங்க" என்றார். அதிகாரி தலையசைத்தார். நான் பின்னால் போய் மச்சானின் இடுப்புத் துணியை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் முறையாக அவரைத் தொட்டேன். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

மச்சான் இரண்டு கையையும் தூக்கினார். அதிகாரி தோள், கை, பக்கவாட்டு என்று தடவி, சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். "முடிந்தது ஐயா, போகலாம்" என்றார்.

மச்சான் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. திரும்பி வந்து அதிகாரியின் எதிரே நின்றார்.

"இப்போது நீங்கள்" என்றார்.

"என்ன?"

"என்னைப் பார்த்தீர்களே. உங்களைக் காட்டுங்கள்."

இளைஞரின் முகம் மாறியது. ஏதாவது தகராறா என்று இன்னொருவர் இந்தப் பக்கம் நகர்ந்தார். வரிசை நின்றுவிட்டது. நான் மச்சானின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் உதறவுமில்லை, நகரவுமில்லை. குரலை உயர்த்தாமல் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். "நானும் இதே வேலைதான் செய்கிறேன் தம்பி. நோர்வூட்டில், ஸ்டோரு வாசலில். எங்கள் இடத்தில் பார்க்கிறவனும் காட்டுவான். இங்கேயும் கேட்டால் காட்டுவீர்கள் என்று என் மாப்பிள்ளை சொன்னார். அதை நம்பித்தான் வந்தேன்."

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் அன்று விட்ட திருட்டு முழி திருச்சியில் விட்டதைவிடப் பெரியது. என் கண் கெஞ்சியது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். திரும்பித் தன் மேலதிகாரியைப் பார்த்தார். ஸ்கேனர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பருமனான அம்மாள். அவர் மச்சானை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "காட்டித் தொலை, வரிசை நிற்கிறது" என்றார்.

இளைஞர் ஒரு பையை இழுத்தார். ஒரு சீப்பு, இருமல் மிட்டாய், கசங்கிய பஸ் டிக்கெட். அடுத்த பையை இழுத்தார். தையல் விட்டுப்போய் அவருடைய விரலே வெளியே வந்தது. வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டார். பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளை ஒருவன், அதுவும் சோதனையில் ஒரு பகுதி என்று நினைத்துத் தன் பைகளையும் இழுத்துக் காட்டினான்.

மச்சான் நன்றாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். இளைஞரின் தோளில் லேசாகத் தட்டி, வேலை முடிந்த ஆட்களிடம் சொல்வதையே சிங்களத்தில் சொன்னார். "சரி, போயிட்டு வாங்க." அவர் எங்கே போவது? இன்னும் பாதி நாள் வேலை பாக்கி இருந்தது.

நடக்கும்போது என் காதோரம் குனிந்தார். "நீங்க சொன்ன மாதிரியே காட்டுறாங்களே மாப்ள! என்னையக் கூட்டிட்டுப் போகப் புளுகுறீங்களோன்னு நெனச்சேன்." எனக்கு அந்த இளைஞருக்கு ஆயுசுக்கும் பேன்ட் தைத்துக் கொடுக்க வேண்டும் போலிருந்தது. அந்த அம்மாளின் காலில் விழ வேண்டும் போலவும்.

விமானத்தில் கொடுத்த சான்ட்விச்சை மச்சான் பிரித்துப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சாப்பிட்டார். கடலைப் பார்த்தார். இவ்வளவுதானா கடல் என்றார். இறங்கியபோது திருச்சியில் எங்களை ஒருவரும் நிறுத்தவில்லை. அவர் தேயிலைப் பாக்கெட்டைப் பில் தெரியும்படி பிடித்துக்கொண்டு நடந்தார். வாசல் வரை வந்த பிறகு, "யாருமே பாக்கலயே மாப்ள" என்றார். குரலில் ஏமாற்றம்கூட இருந்தது.

வெளியே கம்பித் தடுப்புக்குப் பின்னால் கமலா நின்றாள். அண்ணன் வந்ததும் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று நான் கிளம்புவதற்கு முன் ஒரு வாரமாக என் எதிரிலேயே ஒத்திகை பார்த்தவள். கிட்டே வந்து அவருடைய கையைத் தொட்டாள். தோளைத் தொட்டாள். இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். அரை எட்டு பின்னால் போய்விடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் அசையவில்லை.

"போன்ல தெரியலண்ணே" என்றாள் கமலா. "கிட்டத்துல பாத்தா அப்பாவாட்டமே இருக்க."

மச்சானுடைய நினைவில் இருக்கும் அப்பா, கப்பலேறிய நாளில் தலை நரைக்காத மனிதர்.

"வயசாகி அப்பா இப்படியாம்மா இருந்தாரு?" என்று கேட்டார்.

"இப்படியேதாண்ணே."

தேயிலைப் பாக்கெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, மச்சான் தன் முகத்தைத் தானே மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டார்.